ஆங்கிலச் சொல்வளம்: பாதி தெரிந்த சொற்களை முழுதாகத் தெரிந்துகொள்வது எப்படி?

கேள்வி இதுதான். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பு, அப்புறம் பொறியியல், இப்போது சென்னையில் வேலை. "ஆங்கிலம் ஓரளவு பேசுகிறேன். ஆனால் நல்ல கட்டுரை ஒன்றைப் படித்தால் திணறுகிறேன். எழுத உட்கார்ந்தால் அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. தினமும் பத்து கடினமான சொல் மனப்பாடம் செய்கிறேன், ஒரு மாதத்தில் எல்லாம் மறந்துபோகிறது. உயர்ந்த சொல்வளம் வர என்னதான் வழி?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில் அந்தப் பத்துச் சொல் மனப்பாடத்தை நிறுத்துங்கள். உங்கள் நினைவாற்றலில் குறை ஒன்றும் இல்லை. பட்டியலில் இருந்து தனியாகப் பிடுங்கி எடுத்த சொல் யாருக்குமே நிற்காது. நான் பல வருடங்களாகக் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். நீங்கள் நிற்கும் இதே இடத்தில் நிற்கும் மாணவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். அடியோடு தெரியாத சொற்கள் அவர்களுக்குப் பெரிய தடையாக இருப்பதில்லை. கண்ணில் பட்டால் அடையாளம் தெரியும், அர்த்தமும் குத்துமதிப்பாகத் தெரியும், எழுதும்போது மட்டும் கைக்கு வராது. அப்படிப்பட்ட சொற்கள் ஆளுக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்தப் பாதியை முழுதாக்குவதில்தான் உங்கள் வேலையில் பெரும்பங்கு இருக்கிறது.

எத்தனை சொல் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அது தெரிந்தால் பாதி பயம் போய்விடும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989-ஆம் வருடப் பதிப்பு 20 தொகுதிகள். அலமாரியில் அதைப் பார்க்கும் எவருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் எழுத்தில் எல்லாச் சொல்லும் சமமாக வருவதில்லை. மைக்கேல் வெஸ்ட் என்பவர் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்காள மாணவர்கள் ஆங்கிலப் பாடப்புத்தகத்தோடு படும் பாட்டைப் பார்த்து, எந்தச் சொல்லை முதலில் கற்பிக்க வேண்டும் என்று வரிசைப்படுத்தும் வேலையில் இறங்கினார். 1953-ல் வெளிவந்த அவருடைய பட்டியலில் சுமார் 2,000 சொற்கள்தான். சாதாரண எழுத்தில் பத்துக்கு எட்டுச் சொல் அதற்குள்ளேயே அடங்கிவிடும். அப்புறம் 2000-ல், நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் இருக்கும் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் அவெரில் காக்ஸ்ஹெட் கல்வித்துறைச் சொற்களை மட்டும் தனியாகத் தொகுத்தார். மொத்தம் 570 சொற்குடும்பங்கள். பாடநூல், ஆய்வுக் கட்டுரை போன்றவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் அதில் இருந்து வரும். சொற்குடும்பம் என்றால் டெவலப், டெவலப்பர், டெவலப்மென்ட் எல்லாம் சேர்ந்து ஒன்று.

அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் நேஷன் 2006-ல் ஒரு கணக்குப் போட்டார். நாவலோ நாளிதழோ அகராதியைத் தொடாமல் படிக்க வேண்டும் என்றால் 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். பொறியியல் முடித்து, அலுவலகத்தில் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதும் ஒருவருக்கு மூவாயிரம், நாலாயிரமாவது ஏற்கெனவே இருக்கும் என்பது நான் பார்த்த வரையில் சொல்வது. மிச்சம் ஐயாயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து என்றால் வருடத்துக்கு 1,825. மூன்று வருடத்துக்குள் முடிந்துவிடும். நீண்ட காலம்தான். ஆனால் அந்த ஐயாயிரத்தில் ஒரு பகுதி உங்களுக்குப் பாதி தெரிந்ததாகவே இருக்கும், அதனால் பலன் முதல் சில மாதங்களிலேயே தெரிய ஆரம்பித்துவிடும்.

நீங்கள் மனப்பாடம் செய்யும் பட்டியல்களைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் ஊரில் கைமாறிக்கொண்டிருக்கும் 'கடினச் சொற்கள்' பட்டியல்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் மேற்படிப்புக்காக எழுதும் ஜிஆர்இ தேர்வுக்காகத் தொகுத்தவை. அந்தத் தேர்வில் முன்பு எதிர்ச்சொல் கேள்விகள் இருந்தன, இரண்டு சொற்களுக்கு இடையிலான உறவைக் கண்டுபிடிக்கும் கேள்விகளும் இருந்தன. வாக்கியமே இல்லாமல் தனிச்சொல்லின் அர்த்தத்தைச் சோதித்தார்கள், அதற்குப் பட்டியல் உதவியது. 2011 ஆகஸ்டில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். இப்போது வருபவை வாக்கியத்தில் விட்டுப்போன இடத்தை நிரப்பும் கேள்விகள். தேர்வு மாறிவிட்டது, பட்டியல் மட்டும் மாறவில்லை. ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வு எழுதுபவர்களுக்கும் இது பொருந்தும். அதில் எழுத்து, பேச்சு இரண்டிலும் கால்வாசி மதிப்பெண் சொல்வளத்துக்கு. அங்கே அவர்கள் பார்ப்பது சொல் எவ்வளவு அரிதானது என்பதை மட்டும் அல்ல. அது சரியான சொல்லோடு சேர்ந்து வந்திருக்கிறதா, இடத்துக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்கிறார்கள். 'ஏராளம்' என்பதற்கு 'ப்ளெத்தோரா', 'மிரியட்' என்று நாலு இடத்தில் தூவினால் மதிப்பெண் ஏறிவிடாது.

சரி, ஒரு சொல்லை முழுதாகத் தெரிந்துகொள்வது என்றால் என்ன? ஒரு சின்னக் கூட்டத்தை எடுத்துப் பார்ப்போம். மிட்டிகேட், அலீவியேட், அலே, அஸ்வேஜ், அபேட், அப்பீஸ். ஆங்கிலம்-தமிழ் அகராதியில் இந்த ஆறுக்கும் 'தணி', 'குறை', 'சாந்தப்படுத்து' என்று ஏறக்குறைய ஒரே அர்த்தம்தான் போட்டிருக்கும். பட்டியலை வைத்துப் படிப்பவர் ஆறும் ஒன்றுதான் என்று நினைத்து, தோன்றியதை எடுத்துப் போடுவார்.

தமிழில் நாம் என்ன செய்கிறோம் என்று பாருங்கள். கோபம் தணியும், வெயில் தணியும், தாகம் தணியும். ஆனால் மழை விடும், தலைவலி விடும், காய்ச்சல் இறங்கும், காற்று ஓயும், வீக்கம் வற்றும். 'தலைவலி ஓய்ந்தது' என்று ஒருவர் எழுதினால், இலக்கணப்பிழை இல்லை என்றாலும் நமக்கு உடனே உறுத்துகிறது. இதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எந்தச் சொல் எதோடு சேரும் என்பது கேட்டுக் கேட்டு வந்தது.

ஆங்கிலத்திலும் அதே கதைதான். மிட்டிகேட் என்பது ரிஸ்க், இம்பாக்ட், டேமேஜ், எஃபெக்ட்ஸ் போன்றவற்றோடு வரும். வரப்போகிற அல்லது வந்துவிட்ட பாதிப்பின் கடுமையைக் குறைப்பது. வெள்ளம், பருவநிலை, வணிக நஷ்டம் பற்றிய எழுத்தில் அடிக்கடி பார்க்கலாம். நீதிமன்றத்திலும் அதற்கு ஓர் இடம் உண்டு. 'மிட்டிகேட்டிங் சர்க்கம்ஸ்டன்ஸஸ்' என்றால் தண்டனையைக் குறைக்கத் தகுந்த சூழ்நிலை. அதே குடும்பத்து 'அன்மிட்டிகேட்டட்' பெரும்பாலும் 'டிஸாஸ்டர்' என்பதோடு வரும், முழுக்க முழுக்கப் படுதோல்வி என்று அர்த்தம். அலீவியேட் வலியோடும் வறுமையோடும் நோய் அறிகுறிகளோடும் சேரும். ஏற்கெனவே ஒருவர் அனுபவித்துக்கொண்டிருக்கும் துன்பத்தை இலேசாக்குவது. அலே என்பதன் இடம் மனது: ஃபியர்ஸ், கன்ஸர்ன்ஸ், சஸ்பிஷன்ஸ். அமைச்சர் மக்களின் அச்சத்தைப் போக்க அறிக்கை விட்டார் என்னும் செய்தியில் இந்தச் சொல் வந்து நிற்கும். அஸ்வேஜ் குற்ற உணர்ச்சி, துக்கம், பசி போன்றவற்றோடு போகும், கொஞ்சம் இலக்கிய வாசனை உள்ள சொல். அபேட்டை நாம் செய்ய வேண்டியதில்லை. புயல் தானாக அபேட் ஆகும், வன்முறை தானாக அபேட் ஆகும். அப்பீஸ் ஆளையோ நாட்டையோ சமாதானப்படுத்துவது, அதிலும் எதையாவது விட்டுக்கொடுத்து. 1930-களின் இறுதியில் ஹிட்லரிடம் பிரிட்டன் காட்டிய போக்கை இந்தச் சொல்லால் குறிப்பிட்டுக் குறிப்பிட்டு, அரசியல் பேச்சில் இன்றைக்கு அது கிட்டத்தட்ட ஒரு குற்றச்சாட்டாகவே ஆகிவிட்டது. ஒருவரின் முயற்சியைப் பாராட்டும் நோக்கத்தில் அப்பீஸ் என்று எழுதினால் படிப்பவருக்குத் தப்பான அர்த்தம் போகும்.

இந்த ஆறு சொல்லும் உங்களுக்குப் புதிதாக இருக்காது என்று நினைக்கிறேன். இரண்டு மூன்றையாவது முன்பே பார்த்திருப்பீர்கள். இப்போது ஒவ்வொன்றும் யாரோடு வரும், எந்த இடத்தில் வரும், என்ன மனநிலையைச் சொல்லும் என்று தெரிந்த பிறகு அவற்றை எழுதிப் பார்க்கத் தைரியம் வரும். புதுச்சொல் ஐந்து என்று நான் சொன்னதும் இந்த ஆழத்தில்தான். ஒரு நாளைக்கு ஐந்து முடியவில்லை என்றால் இரண்டு போதும்.

இதற்கு எந்த அகராதி வேண்டும் என்பது முக்கியமான விஷயம். வீட்டில் இருக்கும் லிஃப்கோ போன்ற ஆங்கிலம்-தமிழ் அகராதியைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். ஒரு மரத்தின் பெயர், ஒரு கருவியின் பெயர், ஒரு நோயின் பெயர் என்றால் தமிழ் அர்த்தம்தான் வேகமான வழி. அருவமான சொற்களுக்கு அது போதாது. அங்கே கற்பவர்களுக்காகவே எழுதப்பட்ட ஆங்கிலம்-ஆங்கில அகராதி வேண்டும். ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அங்கே தன் சக ஆசிரியர்களோடு சேர்ந்து அவர் உருவாக்கிய அகராதி 1942-ல் டோக்கியோவில் வெளியானது, 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்து வெளியிட்டது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அதன் வழிவந்ததுதான். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் எங்கே தடுக்கி விழுவார் என்பதை மனதில் வைத்து எழுதியது. உதாரணமாக 'சஜெஸ்ட் மீ எ புக்' என்று நம்மில் பலரும் எழுதுகிறோம். சஜெஸ்ட் அப்படி ஆளை நேரடியாக ஏற்காது என்பதைச் சாதாரண அகராதி சொல்லாது, இது சொல்லும். 'டிஸ்கஸ்' பின்னால் 'அபவுட்' வராது என்பதும் அப்படித்தான். 1978-ல் வந்த லாங்மன் அகராதி எல்லா விளக்கங்களையும் சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதியது. 1987-ல் வந்த காலின்ஸ் கோபில்ட் இன்னும் ஒரு படி மேலே போய், விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது, அதனால் சொல் எந்தச் சூழலில் வரும் என்பது விளக்கத்திலேயே தெரிந்துவிடும். மூன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் பல அர்த்தங்களுக்கு ஏ1 (ஆரம்ப நிலை) முதல் சி2 (மிக உயர்ந்த நிலை) வரை நிலைக் குறியீடு போட்டிருப்பார்கள். பி2, சி1 என்று குறித்தவற்றை முதலில் பிடியுங்கள். எந்தக் குறியும் இல்லாத அரிய சொல் என்றால் அர்த்தத்தைப் பார்த்துவிட்டுக் கடந்து போய்விடலாம்.

இன்னொரு இடம் இருக்கிறது, அதை நம்மவர்கள் கண்டுகொள்வதே இல்லை. வினையோடு அப், அவுட், ஆஃப், டவுன், த்ரூ போன்ற சின்னச் சொல் சேர்ந்து வரும் கூட்டுவினைகள். நம் மாணவர் 'ஆப்ஸ்ட்ரெபரஸ்' மாதிரி ஒரு சொல்லை மனப்பாடம் செய்திருப்பார், ஆனால் 'த டீல் ஃபெல் த்ரூ' என்று படித்தால் முழிப்பார். ஒப்பந்தம் கைகூடாமல் போயிற்று என்பதைத்தான் அது சொல்கிறது. நாளிதழ் ஆங்கிலம் இவற்றால் நிரம்பியது. ரூல் அவுட் என்றால் அதற்கு வாய்ப்பே இல்லை என்று ஒதுக்கிவிடுவது. பிளே டவுன் என்றால் பெரிய விஷயமில்லை என்பது போலக் காட்டுவது. ஃபேஸ் அவுட் படிப்படியாக நிறுத்துவது. ஸ்கேல் பேக் திட்டத்தின் அளவைச் சுருக்குவது. ஷோர் அப் சரியப்போவதைத் தாங்கிப் பிடிப்பது, ஆதரவு குறையும் கட்சிக்கும் விழும் ரூபாய் மதிப்புக்கும் இது வரும். வாட்டர் டவுன் மசோதாவை நீர்த்துப்போகச் செய்வது.

ஒவ்வொரு பகுதியும் தெரிந்த சொல், சேர்த்தால் மட்டும் புரியவில்லை என்பது இவற்றின் தொல்லை. தெரிந்த சொல்தானே என்று அகராதியும் பார்க்க மாட்டோம். ஆனால் தமிழருக்கு இது புதிய விஷயமே இல்லை. 'விட்டுக்கொடு' என்பதை வெளியூர்க்காரர் ஒருவருக்கு விளக்கிப் பாருங்கள். விடுவதையும் கொடுப்பதையும் தனித்தனியாகத் தெரிந்துகொண்டால் அதன் அர்த்தம் கிடைக்காது. எடுத்துச்சொல், தூக்கிப்பிடி, கண்டுகொள், தட்டிக்கழி எல்லாம் அதே ரகம். அதனால் கூட்டுவினையை இரண்டு சொல்லாகப் பார்க்காமல் ஒரே சொல்லாக எழுதிவைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு நேரான தமிழ் வினை கிடைத்தால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள். பிரஷ் அசைட் என்பதற்குப் பக்கத்தில் 'உதறித்தள்ளு' என்று எழுதியவருக்கு அது மறக்காது. பேச்சிலும் எழுத்திலும் உங்கள் ஆங்கிலம் சரளமாக ஒலிக்க வேண்டும் என்றால், அரிய லத்தீன் சொற்களை விட இவற்றில் செலவிடும் நேரத்துக்குப் பலன் அதிகம் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

வாசிப்புக்கு வருவோம். 'ஹிந்து பேப்பர் எடிட்டோரியல் படி' என்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் அறிவுரை. 1878-ல் சென்னையில் தொடங்கிய அந்தப் பத்திரிகையின் தலையங்கம் நல்ல ஆங்கிலம்தான், சந்தேகமில்லை. ஆனால் மூவாயிரம் சொல் தெரிந்தவர் நேராகத் தலையங்கத்தில் இறங்கினால் வரிக்கு ஒரு சொல் தடுக்கும், ஒரு வாரத்தில் கைவிட்டுவிடுவார். நான் மேலே சொன்ன 8,000, 9,000 கணக்குக்கு அடிப்படையே நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருந்தால் படிப்பு ஓடும் என்பதுதான். 300 சொல் உள்ள ஒரு பக்கத்தில் தெரியாதது ஆறு இருக்கலாம். 95 சதவீதம் என்றால் பதினைந்தாகிவிடும், படிப்பது வேலையாகிவிடும். ஒரு பக்கத்தை எடுத்து விரலால் எண்ணிப் பாருங்கள். ஆறைத் தாண்டிக்கொண்டே போனால் அது உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். உள்ளூர்ச் செய்தி, விளையாட்டுப் பக்கம், சினிமா நேர்காணல் என்று கீழே இறங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சில மாதம் கழித்துத் தலையங்கத்துக்கு வாருங்கள்.

அப்புறம், கண்டதையும் படிக்காமல் ஒரே விஷயத்தைத் தொடர்ந்து படியுங்கள். இது எனக்கு மிகவும் பிடித்த முறை, ஏனென்றால் சொற்கள் தாமாகத் திரும்ப வரும், மனப்பாடத்துக்கே வேலை குறையும். ரிசர்வ் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பணக்கொள்கைக் குழு கூடி ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டியை, அறிவிக்கும். அந்த வாரம் எல்லா ஆங்கில நாளிதழ்களும் அதைப் பற்றித்தான் எழுதும். நாலு நாளிதழின் செய்தியைப் படித்தால் ஒரே சொற்கூட்டம் நாலு வாக்கியங்களில் வரும். விலைவாசியைக் கட்டுப்படுத்துவதற்கு ஒருவர் கர்ப் என்பார், இன்னொருவர் ரெயின் இன் என்பார், மூன்றாமவர் டேம் என்பார். தேவை மந்தமாக இருந்தால் டெப்பிட், ஸ்லக்கிஷ், சப்டியூட் என்று வரும். நன்றாக இருந்தால் ராபஸ்ட், பாயன்ட். வட்டியை ஏற்றும் மனநிலை ஹாக்கிஷ், இறக்கும் மனநிலை டவிஷ். விஷயம் ஒன்றே என்பதால், தெரியாத சொல்லின் அர்த்தத்தைப் பக்கத்து நாளிதழே சொல்லிக் கொடுத்துவிடும். உங்களுக்குப் பொருளாதாரம் பிடிக்கவில்லை என்றால் காவிரி நீர்ப் பங்கீடு, விண்வெளி, டென்னிஸ், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், எது பிடிக்கிறதோ அது. ஒரு மாதமாவது ஒன்றிலேயே இருங்கள்.

மறந்துபோவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். படித்தவுடனே மறதி மிக வேகமாக இருக்கும், போகப் போகக் குறையும். மறக்கப்போகிற நேரத்தில் ஒருமுறை நினைவுபடுத்தினால் அடுத்த மறதி தள்ளிப்போகும். இதை வைத்து 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் ஓர் அட்டைப்பெட்டி முறையைச் சொன்னார். பெட்டியில் ஐந்து அறைகள். புதுச் சொல் எழுதிய அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும், தவறினால் எங்கே இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பி வரும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும், பின்னால் போகப் போக இடைவெளி கூடும். 2006-ல் வந்த அன்கி என்னும் இலவச மென்பொருள், இந்த இடைவெளிக் கணக்கைத் தானாகப் போட்டுக் கொடுக்கும். ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் காசு இல்லை, ஐஃபோனில் மட்டும் விலை உண்டு.

கருவியை விட அட்டையில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் முக்கியம். முன்பக்கம் சொல், பின்பக்கம் தமிழ் அர்த்தம் என்று எழுதினால் பழையபடி பட்டியல்தான். நீங்கள் அந்தச் சொல்லைச் சந்தித்த வாக்கியத்தை எழுதி, அந்தச் சொல்லின் இடத்தில் கோடு போடுங்கள். 'அமைச்சர் பெற்றோரின் அச்சத்தை ____ முயன்றார்' என்னும் ஆங்கில வாக்கியத்தைப் பார்த்ததும் அலே உங்கள் வாயில் வர வேண்டும். இப்படி எழுதினால் சொல்லோடு அதன் கூட்டாளியும் சேர்ந்தே மனதில் ஏறும். இன்னொருவர் தயாரித்த ஆயிரம் அட்டைகளைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த வாக்கியங்களை நீங்கள் சந்தித்ததே இல்லை.

வேர்ச்சொல் வழியைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். நல்ல வழிதான், ஆனால் அளவோடு. லத்தீனில் 'ஸ்பெக்' என்றால் பார்ப்பது என்று தெரிந்தால் இன்ஸ்பெக்ட், ரெட்ரோஸ்பெக்டிவ், கான்ஸ்பிக்யுவஸ், சர்க்கம்ஸ்பெக்ட் எல்லாம் ஒரே சரட்டில் வந்துவிடும். மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கு கிரேக்க வேர்கள் கட்டாயம் வேண்டும். சிக்கல் என்னவென்றால், வேர் சொல்லும் அர்த்தத்தில் சொல் எப்போதும் நிற்பதில்லை. 'கிரெக்' என்றால் மந்தை. கிரிகேரியஸ் கூட்டத்தோடு சேர்ந்து பழகுபவர், செக்ரிகேட் கூட்டத்தில் இருந்து பிரிப்பது, இதுவரை சரி. இக்ரீஜியஸ் என்பது மந்தையில் இருந்து தனித்து நிற்பது. ஒருகாலத்தில் தலைசிறந்த என்ற அர்த்தம் இருந்தது, இன்று அப்பட்டமான, படுமோசமான தவறைத்தான் அது குறிக்கும். வேரே இல்லாமல் ஒலியை வைத்து ஊகித்தால் இன்னும் ஆபத்து. எனர்வேட் என்றால் தெம்பூட்டுவது போலத் தோன்றும், தெம்பை உறிஞ்சிவிடுவதுதான் அர்த்தம். ரெஸ்டிவ் என்றால் ஓய்வு இல்லை, கட்டுக்கடங்காமல் தவிப்பது. நாய்சம் என்பதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே கிடையாது, அது துர்நாற்றம். ஆகவே வேரை நினைவில் வைக்க உதவியாக வைத்துக்கொள்ளுங்கள், அர்த்தத்துக்கு அகராதியை நம்புங்கள்.

படித்தே சொல்லைச் சேர்ப்பவர்களுக்கு உச்சரிப்பில் ஒரு கண் வேண்டும். எபிட்டமி என்பதை எபிடோம் என்றும், ஹைபர்பலி என்பதை ஹைபர்போல் என்றும், இன்டைட் என்பதை இன்டிக்ட் என்றும் சொல்லிப் பழகிவிட்டால் பிறகு மாற்றுவது கஷ்டம். டெப்ரியில் கடைசி எஸ் ஒலிக்காது, சட்டிலில் பி ஒலிக்காது. ஆங்கிலத்தில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதும் சொல்லின் ஒரு பகுதி. ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசையில், ஃபோட்டோகிராஃபி என்றால் இரண்டாவதில், ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாவதில். நாம் எல்லா அசையையும் சமமாக உச்சரிக்கப் பழகியவர்கள், அதனால் சொல் தெரிந்தும் எதிரில் இருப்பவருக்குப் புரியாமல் போகிறது. ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் அகராதியின் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தி இரண்டு முறை கேளுங்கள்.

கடைசியாக எழுத்து. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாக வந்தன, பின்னால் அறிஞர்கள் லத்தீனில் இருந்து நேரடியாக எடுத்தார்கள். அதனால் ஆங்கிலத்தில் பல விஷயங்களுக்கு மூன்று அடுக்குச் சொல் உண்டு. ஆஸ்க் வீட்டுப் பேச்சு, கொஸ்டியன் கொஞ்சம் விறைப்பு, இன்ட்ராகேட் என்றால் காவல் நிலையம். நம் அலுவலக ஆங்கிலத்தில் மேல் அடுக்கின் மேல் ஒரு மோகம் இருக்கிறது. பை போதுமான இடத்தில் பர்ச்சேஸ், யூஸ் போதுமான இடத்தில் யுட்டிலைஸ், ஸ்டார்ட் போதுமான இடத்தில் கமென்ஸ். ரிப்ளை என்பதற்கு ரிவர்ட் என்று எழுதுவது இந்தியாவில் புரியும், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு 'பழைய நிலைக்குத் திரும்புவது' என்று தோன்றக்கூடும். நன்றாக எழுதும் ஆங்கில எழுத்தாளர்கள் குட்டைச் சொற்களை அதிகம் பயன்படுத்தி, நீளமானதைத் தேவையான ஒரு இடத்தில் மட்டும் வைப்பார்கள். மேல் அடுக்குச் சொல் தெரிந்திருக்க வேண்டும், அதை எங்கே வைக்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. நீங்கள் பின்தொடரும் விஷயத்தில் ஒரு நல்ல பத்தியைத் தேர்ந்தெடுத்து இரண்டு முறை படியுங்கள். அர்த்தத்தை மட்டும் தமிழில் சுருக்கமாகக் குறித்துக்கொண்டு மூலத்தை மூடிவைத்துவிடுங்கள். மறுநாள் அந்தத் தமிழ்க் குறிப்பை வைத்துப் பத்தியை ஆங்கிலத்தில் நீங்களே எழுதுங்கள். அப்புறம் மூலத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்கள் 'டிட் நாட் டைரக்ட்லி பிளேம் த கவர்ன்மென்ட்' என்று எழுதிய இடத்தில் அவர் 'ஸ்டாப்டு ஷார்ட் ஆஃப் பிளேமிங் த கவர்ன்மென்ட்' என்று எழுதியிருப்பார். நீங்கள் 'தே ஆர் வெரி ஆங்க்ரி' என்ற இடத்தில் அவர் ஒரே சொல்லாக 'இன்சென்ஸ்டு' என்று முடித்திருப்பார். அவர் பயன்படுத்திய சொற்களில் பெரும்பாலானவை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவையாகவே இருக்கும். எந்த இடங்களில் உங்கள் கைக்கு வரவில்லையோ, அந்த இரண்டு மூன்று வாக்கியங்களை மட்டும் அன்றைய அட்டைகளாக எழுதிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு பத்தி செய்தால் போதும், அரை மணிக்கு மேல் ஆகாது.